பதினாறு கூடைகளும் ஒரு பிடி அரிசியும்

1

எனக்கு எழுத வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன். அதிலும் அம்மை போட்டுப் பாதி வருஷம் பள்ளிக்கூடம் போகவில்லை. ஒற்று போட வேண்டிய இடத்தில் விட்டுவிடுவேன், வேண்டாத இடத்தில் போட்டுவிடுவேன். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதும் மாறிப்போகும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

சிதம்பரத்தில் இருக்கும் என் கொழுந்தன் மனைவி சரோஜா விடவில்லை. அவர்கள் தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம்.

"இன்னாக்கா நீ, கடல் தாண்டிக் கூடை விக்கிற, நாலு பக்கம் எழுத மாட்டியா? போட்டோவும் அனுப்பு. நல்ல பொடவையா கட்டிக்கினு எடு" என்றாள்.

புடவைக்கு வழி உண்டு. நாலு பக்கத்துக்குத்தான் இந்தப் பாடு.

நியூசிலாந்து நாட்டில் ஹாமில்டன் என்கிற ஊருக்கு வந்து போன வாரத்தோடு பத்தொன்பது வருஷம் முடிந்தது. மகள் சுமதி, மாப்பிள்ளை பிரபு இவர்களோடு இருக்கிறேன். பேத்தி யாழினி வேறு ஊரில் தங்கிப் படிக்கிறாள். அன்றைக்கு மாப்பிள்ளை ஒரு கேக் வாங்கி வந்து, "அத்தை, நீங்களே வெட்டுங்க" என்றார். "சரிங்க மாப்ள" என்றேன்.

இதில் என்ன இருக்கிறது என்பீர்கள். சுமதி கல்யாணத்திலிருந்து கணக்குப் பார்த்தால், அவரிடம் நேராகப் பேச எனக்கு இருபத்துமூன்று வருஷம் ஆயிற்று. பேச வைத்தது கூடை. அதனால் கூடைக் கதையையே சொல்கிறேன்.

2

வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் ஒரு நாய் ஓடி வந்து என் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. பாசமாக வந்திருக்கிறது என்று தடவிக்கொடுக்கப் போனேன். அது உத்தியோகத்தில் இருக்கிற நாய் என்று அப்புறம்தான் தெரிந்தது. கையுறை போட்ட ஒரு பெண் என் பையைத் திறந்து, கடலூர் முதுநகரிலிருந்து கொண்டு வந்த கருவாட்டை இரண்டு விரலால் தூக்கினாள். மாவடுவும் போயிற்று. படிவத்தில் சுமதி எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியிருந்ததால் அபராதம் இல்லாமல் தப்பித்தோம்.

இந்த நாட்டுக்குள் வருகிற சாமானைத்தான் பார்ப்பார்கள் என்று அன்றைக்கே என் மனதில் பதிந்துவிட்டது. வெளியே போகிற சாமானும் இன்னொரு நாட்டுக்குள் போய் இறங்கத்தானே வேண்டும் என்று யோசிக்கவில்லை.

அடுத்தது பெயர். இங்கே எந்தப் படிவத்திலும் பெயருக்கு இரண்டு கட்டம். இரண்டாவதைக் காலியாக விட முடியாது. பாஸ்போர்ட்டில் அங்கே என் அப்பா பெயர் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் "மிசஸ் கோவிந்தன்" என்று கூப்பிடுவார்கள். செத்துப்போன மனுஷரை இவர்கள் ஏன் கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்தே இருப்பேன். எனக்கு அப்புறம் வந்தவர்கள் மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டில் அம்மா, அத்தை, பாட்டி. அலமேலு என்று கூப்பிட இந்த ஊரில் ஒருத்தரும் இல்லை.

மாப்பிள்ளையோடு பேசாததற்குச் சண்டை காரணம் இல்லை. எங்கள் வீட்டு வழக்கத்தில் மாமியார் மாப்பிள்ளைக்கு எதிரே நின்று பேச மாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று யாரிடமாவது சொல்லி அனுப்புவாள். சிதம்பரத்து வீட்டில் கதவும் இருந்தது, சொல்லி அனுப்ப ஆளும் இருந்தது. இங்கே சமையலறையும் கூடமும் ஒன்றாக இருக்கின்றன, நடுவில் சுவர்கூட இல்லை. சுமதி வேலைக்குப் போய்விட்டால், அப்போது ஆறு மாதக் குழந்தையாக இருந்த யாழினியிடம், "ஒங்கப்பாவ சாப்பிட வரச் சொல்லு" என்பேன். அவர் வந்து சாப்பிடுவார். குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போன பிறகு குளிர்பதனப் பெட்டியிடம் சொல்ல ஆரம்பித்தேன். அவரும் அதைப் பார்த்தே பதில் சொல்லுவார். மரியாதையான பிள்ளை.

3

ஒயர் கூடை பின்ன முதுநகரில் பதினாறு வயதில் கற்றுக்கொண்டேன். துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போகிற பெண்கள் கண் பெரிதாக வைத்துப் பின்னச் சொல்லுவார்கள், தண்ணீர் வடிய வேண்டும். கல்யாணமாகிச் சிதம்பரம் வந்த பிறகு என் வீட்டுக்காரருக்கு ஒன்று பின்னிக் கொடுத்தேன். காட்டுமன்னார்கோயில் அரிசி ஆலையில் அவர் பில் எழுதினார். தினம் டவுன் பஸ்ஸில்தான் போய் வருவார். மாதத்துக்கு இரண்டு தடவையாவது கூடையைப் பஸ்ஸிலேயே விட்டுவிடுவார். கண்டக்டர் அடுத்த டிரிப்பில், "ஊதாவும் வெள்ளையும், இது நம்ம பில்லு சாரோடது" என்று எடுத்து வைத்திருப்பார். அவருடைய குடை ஒன்றுகூட அப்படித் திரும்பி வந்ததில்லை.

இங்கே சனிக்கிழமை காய்கறிச் சந்தைக்கு என் கூடையோடுதான் போவேன். ஒரு நாள் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி உருளைக்கிழங்கிலிருந்து வெங்காயம் வரைக்கும் என் பின்னாலேயே வந்தாள். எதையோ திருடிவிட்டேன் என்று நினைக்கிறாளோ என்று கூடையைக் கவிழ்த்துக் காட்டப் போனேன். அவளுக்கு வேண்டியது கூடை. அங்கேயே காயைத் துணிப்பைக்கு மாற்றிவிட்டுக் கொடுத்தேன்.

இதைக் கேட்டதும் சுமதி பிடித்துக்கொண்டாள். கையால் செய்த பொருள்களை விற்கிற ஒரு இணையத்தளத்தில் கடை போடலாம் என்றாள்.

"கடைக்கு இன்னா பேரும்மா வெக்கறது?"

"யாழினி பேர வையேன்."

"பின்னறது நீ, பேரு அவளுதா? கடை உன்னுது, உன் பேரே இருக்கட்டும்."

திரையில் அடித்தாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்து கூட்டித்தான் படிக்க வரும். கூட்டிப் படித்தேன். அலமேலு. வெட்கமாக இருந்தது. அவள் குளிக்கப் போன பிறகு இன்னொரு தடவை போய்க் கூட்டிப் படித்தேன்.

முதல் போட்டோவில் கூடை அழகாகத் தெரியட்டும் என்று இரண்டு முட்டைக்கோஸ் வைத்தேன். மூன்று பேர் முட்டைக்கோஸ் விலை கேட்டார்கள். ஒருத்தி, இதில் விலங்குப் பொருள் ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டாள். பிளாஸ்டிக் ஒயரில் எந்த மாட்டைச் சேர்ப்பது? நமக்கு இரண்டு ரோல் ஒயர் கூடை, மூன்று ரோல் ஒயர் கூடை என்றால் போதும். இவர்களுக்கு நீளம், அகலம், எத்தனை கிலோ தாங்கும் எல்லாம் எழுத்தில் வேண்டும். இரண்டு பெரிய பூசணிக்காயைப் போட்டுத் துணி காயவைக்கிற கம்பத்தில் தொங்கவிட்டேன். மாப்பிள்ளை படம் எடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நிறையப் பேர் வாங்கினார்கள்.

"ஆனா ஒண்ணும்மா. நாம சொன்னது ஒண்ணு, பெட்டிக்குள்ள இருக்கறது ஒண்ணுன்னு யாராச்சும் புகார் குடுத்தா கடைய மூடிடுவாங்க. அப்புறம் இந்தப் பேர்ல தொறக்கவே முடியாது" என்றாள் சுமதி. அன்றிலிருந்து ஒவ்வொரு கூடையையும் அனுப்பும் முன் மூன்று தடவை திருப்பிப் பார்ப்பேன்.

யாழினி பள்ளிக்கூடத்தில் படித்தபோது இந்தக் கூடையில் சோறு கொண்டுபோக மாட்டேன் என்று அழுதவள். இப்போது போனில், "பாட்டி, எனக்கு ஒண்ணு செய்யுங்க. ஃபுல்லா பிளாக்" என்கிறாள். முழுக்கக் கறுப்பிலா கூடை பின்னுவது? பின்னினேன். அடியில் மட்டும் அவளுக்குத் தெரியாமல் ஒரு வரிசை மஞ்சள் ஓட்டினேன். அவள் பேசுகிற தமிழ் வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. "சாப்பிட்டியா" என்று நான் கேட்பேன், "யெஸ் பாட்டி" என்பாள், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். கூடை வந்த பிறகு கொஞ்சம் நீளுகிறது. கைப்பிடி எப்படிப் போட்டீர்கள் என்று கேட்கிறாள்.

4

ஆஸ்திரேலியாவிலிருந்து ஹன்னா என்று ஒரு பெண் எழுதினாள். அவளுக்குக் கல்யாணம். தோழிப் பெண்களுக்கும் அத்தை முறைக்காரிகளுக்கும் கொடுக்கப் பதினாறு சின்னக் கூடை வேண்டும், எலுமிச்சை மஞ்சளும் இலைப் பச்சையும் கலந்து.

பதினாறு என்றதும் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒயர் இங்கே கிடைக்காது. சரோஜா மேல வீதியில் வாங்கி, இங்கே வருகிற ஒரு குடும்பத்திடம் கொடுத்தனுப்பினாள். "கல்யாண ஆர்டராக்கா? மொதலாளியம்மா ஆயிட்ட" என்று போனில் கேலி வேறு. ஆறு வாரம் பின்னினேன். எல்லாவற்றுக்கும் சிவன் கண் முடிச்சு, சாதா முடிச்சைவிட வேலை கூடுதல். கை வீங்கிப்போயிற்று. மேசைமேல் பதினாறையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, நானே பின்னினேனா என்றிருந்தது.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டிலிருந்து கூடையை வெறுமனே கொடுத்து வழக்கமில்லை. முதுநகரில் நான் பின்னி முடித்ததும் என் அம்மா ஒரு பிடி அரிசியும் ஒரு மஞ்சள் கிழங்கும் போட்டுத்தான் வாங்க வந்தவர் கையில் கொடுப்பாள். சாதாரண மீன் கூடைக்கே அப்படி. இது கல்யாண வீட்டுக்குப் போகிறது. மற்ற கூடைகளை இதுவரை வெறுமனே அனுப்பியதே எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. பழைய புடவையைக் கிழித்துப் பதினாறு சின்ன முடிச்சு கட்டினேன். கூடை நசுங்காமல் இருக்க உள்ளே காகிதம் திணிப்போம். அந்தக் காகிதத்துக்கு அடியில் ஒவ்வொரு முடிச்சாக வைத்தேன்.

சுமதியிடம் சொன்னால் வேண்டாம் என்பாள். சொல்லவில்லை.

மறுநாள் மாப்பிள்ளை பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டினார். தபால் படிவத்தில் உள்ளே இருப்பது என்ன என்கிற இடத்தில், "பிளாஸ்டிக் கூடைகள். வேறொன்றும் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். வாய் வரைக்கும் வந்தது. சுமதி வீட்டில் இல்லை. குளிர்பதனப் பெட்டியிடம் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார்.

5

எட்டு நாள் கழித்து ஹன்னாவிடமிருந்து செய்தி வந்தது. சுமதி வேலை சம்பந்தமான வகுப்புக்கு வேறு ஊர் போயிருந்தாள். வீட்டில் மாப்பிள்ளையும் நானும்தான். அவர் கூடத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு, வழக்கம்போல் பொதுவாகச் சொன்னார்.

"இன்னா அநியாயம் இது? பெட்டிக்குள்ள அரிசி இருக்காம், ஏதோ கெழங்கு இருக்காம். அங்க எல்லையில நிறுத்தி வெச்சிருக்கானுவோ. சொல்லாம அனுப்பியிருக்கீங்க, பதில் சொல்லலன்னா மொத்தத்தையும் அழிச்சிடுவோம்னு அந்தப் பொண்ணுக்கு லெட்டர் போட்டிருக்கான். கல்யாணத்துக்குப் பன்னெண்டு நாள்தான் இருக்குதாம்."

நான் அடுப்பை அணைத்தேன். அவர் மேலே சொல்லிக்கொண்டே போனார்.

"வேற எவன் பெட்டியோ மாறிப்போயிருக்கும். நான்தான டேப் ஒட்டுனேன்? 'நாங்க கூடையத் தவிர எதுவும் வெக்கல, அப்படியே ஆபீசுல சொல்லும்மா'ன்னு எழுதிட்டேன். அனுப்பிடறேன்."

கையில் கரண்டியோடு சுமதிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. யாழினிக்குப் போட்டேன். அதுவும் இல்லை. ஹன்னா எனக்காகப் போய் ஒரு பொய் சொல்லப் போகிறாள். இவரும் தெரியாமல் ஒரு பொய்யில் கையெழுத்துப் போட்டாயிற்று, இப்போது இரண்டாவது. கூடையும் போகும், கடையும் போகும், இவருக்கும் கெட்ட பெயர்.

"மாப்ள, அனுப்பாதீங்க."

அவர் திரும்பி வாசல் பக்கம் பார்த்தார். சுமதி வந்துவிட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ.

"நான்தாங்க. அரிசிய நான்தான் வெச்சேன்."

"எதுல?"

"பதினாறுலியும்."

"அத்தை!" அவர் எழுந்தே நின்றுவிட்டார். "ஃபாரம் எழுதுனப்ப பக்கத்துலதான நின்னீங்க? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"உங்ககிட்ட எப்படிங்க பேசறது?"

அவர் என்னைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். உட்கார்ந்து சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "இருவத்திமூணு வருசம் கழிச்சி மொத தடவ பேசறீங்க, அதுவும் பார்சல்ல மாட்டிக்கினு!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சிரிக்காதீங்க. கையெழுத்து உங்களுது."

அவர் சிரிப்பு நின்றது. எழுதி வைத்திருந்ததை அழித்தார். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வந்து மேசைமேல் வைத்தார்.

"வெச்சது நீங்க, எழுத வேண்டியதும் நீங்கதான் அத்தை. தமிழ்ல எழுதுங்க. நான் அப்படியே இங்கிலீஷ்ல மாத்தறேன்."

ரேஷன் கடைக்குக்கூட நான் மனு எழுதியது கிடையாது. எல்லாம் என் வீட்டுக்காரர் எழுதுவார், நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவேன். அன்றைக்கு எழுதினேன்:

"ஐயா, அரிசியும் மஞ்சளும் வைத்தது நான். மாப்பிள்ளைக்கும் அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் கூடையை வெறுமனே கொடுக்க மாட்டோம், அதிலும் கல்யாணத்துக்கு. அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரிசி நல்ல அரிசி, கல் பொறுக்கியது. அதை என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள்ளுங்கள். கூடையை மட்டும் அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிடுங்கள். அலமேலு."

"கல் பொறுக்கியது வேணுமா அத்தை?" என்றார்.

"இருக்கட்டுங்க."

"செரி, இருக்கட்டும்." ஒரு வார்த்தை விடாமல் மாற்றி, ஹன்னாவிடம் அனுப்பி, அந்த அலுவலகத்தில் கொடுக்கச் சொன்னார்.

6

ஹன்னாவின் பதிலில் கோபம் இருந்தது. என் கல்யாணத்துக்குத்தானே கேட்டேன், முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாள். நியாயம்தான். அடுத்த ஆறு நாள் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஊரிலிருந்து திரும்பிய சுமதி திட்டினாள். "நல்லது பண்றேன்னு எங்க எல்லாரையும் மாட்டி விட்டியே" என்றாள். கடை மூடினால் மூடட்டும், அந்தப் பெண்ணுக்குக் கூடை போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைத்துக்கொள்வேன். அடுத்த நிமிஷமே, மூடிவிடுவார்களோ என்று போய்த் திரையில் என் பெயரைக் கூட்டிப் படிப்பேன். ஒயரைக் கையால் தொடவில்லை. மாப்பிள்ளை மட்டும் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும், "இன்னும் வரல அத்தை" என்று என்னைப் பார்த்தே சொல்லுவார்.

ஏழாம் நாள் வந்தது. அரிசியையும் மஞ்சளையும் எடுத்து அழித்துவிட்டு, கூடைகளை விட்டுவிட்டார்கள். அடுத்த தடவை உள்ளே இருப்பதை எல்லாம் எழுத வேண்டும் என்று எச்சரிக்கை. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் கூடைகள் போய்ச் சேர்ந்தன, பதினாறும் காலியாக.

அப்புறம் ஹன்னா ஒரு படம் அனுப்பினாள். பதினாறு பெண்கள் புல்தரையில் கையில் கூடையோடு நிற்கிறார்கள். மாப்பிள்ளை படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். ஒவ்வொரு கூடைக்குள்ளும் வெள்ளைத் துணி முடிச்சு ஒன்று, பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம். என் கடிதத்தைப் படித்துவிட்டு ஹன்னாவின் அம்மா கடையில் அரிசி வாங்கி அவரே முடிந்து வைத்தாராம். மஞ்சள் கிழங்கு கிடைக்கவில்லை, அதனால் வீட்டு மரத்து எலுமிச்சை. நான் சொல்லிக்கொடுக்காமலே எலுமிச்சை வைக்கத் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

கடைப் பக்கத்தில் ஹன்னா ஐந்துக்கு நாலு நட்சத்திரம் போட்டாள். "தாமதமாக வந்தது. ஏன் என்று அலமேலுவிடம் கேளுங்கள்" என்று எழுதிவிட்டாள். புகார் கொடுக்கவில்லை. கடை திறந்தே இருக்கிறது. ஆனால் இப்போது வாங்குகிறவர்கள் எல்லாம் அதையே கேட்கிறார்கள். அதனால் மாப்பிள்ளை ஒரு யோசனை சொன்னார். சட்டப்படி கூடை காலியாகத்தான் வரும், வீட்டுக்கு வந்ததும் நீங்களே இப்படி வையுங்கள் என்று ஒரு சின்ன அட்டை அச்சடித்து உள்ளே போடலாம். முந்தாநாள் பேனாவோடு எதிரே உட்கார்ந்தார்.

"பச்சரிசியா, புழுங்கலரிசியா அத்தை?"

பதினாறு கூடையிலும் நான் வைத்தது பாசுமதி. வீட்டில் அதுதான் இருந்தது. என் அம்மா வைத்தது எது? எங்கள் வீட்டில் நெல் அவிப்பார்கள், அப்படியானால் புழுங்கலாகத்தான் இருக்கும். ஆனால் நல்ல காரியத்துக்குப் பச்சரிசிதானே எடுப்போம்?

"ஒரு பிடியா, மூணு பிடியா?"

ஒரு பிடி என்றுதான் ஞாபகம்.

"வெக்கறது கூடை குடுக்கறவங்களா, வீட்டுல யாரு வேணா வெக்கலாமா?"

"தெரியலீங்க மாப்ள" என்றேன். அம்மா செய்தாள், நானும் செய்தேன். கேட்டுவைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

சரோஜாவுக்குப் போன் போட்டேன். "எங்க வீட்டுல உப்புக்கா வெப்போம்" என்று இன்னொன்றைக் கிளப்பிவிட்டாள்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதுநகரிலோ தேவனாம்பட்டினத்திலோ கூடை, முறம் கொடுக்கிற வீடுகளில் இந்த வழக்கம் தெரிந்தவர்கள் இருந்தால், எந்த அரிசி, எத்தனை பிடி, மஞ்சளா உப்பா, யார் கையால் வைப்பது என்று விசாரித்துச் சரோஜாவிடம் சொல்லுங்கள். நான் மேலே எழுதியதில் தப்பு இருந்தாலும் திருத்துங்கள். பதில் வந்த பிறகுதான் அச்சுக்குக் கொடுப்பேன் என்று மாப்பிள்ளை காத்திருக்கிறார். அட்டையின் கீழே என் பெயரைப் போடப் போகிறார்கள்.